வீடு நமக்கா, நாம் வீட்டுக்கா?

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் சொல். வீடு கட்டுவதன் கஷ்டத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் கட்டிய வீட்டை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்ற கஷ்டத்திற்கு அவர்கள் பழமொழி எதையும் விட்டுச் செல்லவில்லை. இருபது ஆண்டுத் தவணையில் வீடு கட்டும் வழக்கம் அக்காலத்தில் இல்லாததே அதற்குக் காரணம் போலும்.

கும்மிடிப்பூண்டி முதல் திருவள்ளூர் வரை நம் சங்கங்களுக்கு ஆய்வு வேலையாகச் செல்லும்போது, பேரேடுகளை மூடி வைத்த பிறகு, அங்கத்தினர் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. "ஐயா, வீட்டை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, சின்ன வீடாகப் பார்த்துப் போய்விடலாமா?" என்பதே அது. இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. ஆனால் விடை காணும் வழி ஒன்று உண்டு. அதை இரு அங்கத்தினர்களின் அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணக்கு மட்டும் போதும்.

நெசவாளர் ஒருவரின் மாடி வீடு

முதலாமவர் அறுபதை நெருங்கும் நெசவாளர். பாட்டனார் காலத்து மனையில் ஓட்டு வீடு, முன்கட்டில் குழித்தறி. மகன் சிப்காட் வளாகத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்து வந்தான். வெளி மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் தங்க அறை கிடைக்காமல் அலைந்த காலம் அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓட்டு வீட்டை இடித்து, கீழே தறியும் குடியிருப்பும், மேலே வாடகைக்கு நான்கு அறைகளுமாக ஒரு மாடி வீடு எழுப்பினர். அதற்கு 20 லட்ச ரூபாய் கடன். 20 ஆண்டுத் தவணை.

அறை ஒன்றுக்கு 3,500 வீதம் மாதம் 14,000 ரூபாய் வாடகை வரும். தவணையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும் என்பது அவர்களுடைய திட்டம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொழிற்சாலையொன்று தன் ஆட்களுக்குத் தானே தங்குமிடம் ஏற்படுத்தியது. இரண்டு அறைகள் காலியாயின. மகனுடைய ஒப்பந்தம் முடிந்து, சில மாதங்கள் வேலையின்றி இருந்து, பிறகு குறைந்த கூலியில் வேறிடம் சேர்ந்தான். இவ்விரண்டுக்கும் நடுவே அம்மாளின் வளையல்கள் இரு முறை அடகுக் கடைக்குச் சென்று வந்தன. தவணையைக் கட்ட நகை போகிறது என்றால், கடனைக் கொண்டு கடனை அடைக்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள். அபாயத்தின் முதல் அறிகுறி அதுவே.

நான் சென்றபோது வீட்டில் மூவருக்கும் மூன்று அபிப்பிராயம். விற்றுவிட வேண்டும் என்றான் மகன். "ஐந்து வருஷம் கட்டியாகிவிட்டது, இனி விடுவதா? ஊர் என்ன சொல்லும்?" என்றார் பெரியவர். அம்மாள் கதவோரம் நின்று ஒரே கேள்வி கேட்டார்: "விற்றால் தறி எங்கே நிற்கும், ஐயா?" மூன்றில் கடைசிக் கேள்வியே மிகவும் சிறந்தது என்று அப்பொழுதே எனக்குத் தோன்றியது.

கட்டிய பணம் எங்கே போயிற்று?

முதலில் பெரியவருடைய எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். வட்டி இடையில் ஏறியிறங்கியதை விட்டுவிட்டு, கணக்கின் எளிமைக்காக ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கொள்வோம். 20 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் 17,995 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டியது ஏறக்குறைய 10 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் இன்னும் நிற்கும் அசல் 17 லட்சத்து 74 ஆயிரம். அஃதாவது, கட்டியதில் 8 லட்சத்து 54 ஆயிரம் வட்டிக்குப் போயிற்று. அசலில் குறைந்தது 2 லட்சத்து 26 ஆயிரம் மட்டுமே!

இதில் மோசடி எதுவும் இல்லை. சமத் தவணையின் இயல்பே அது. ஆரம்ப ஆண்டுகளில் வட்டியே பெரும்பங்கு, அசல் பின்னால்தான் வேகமாகக் கரையும். பத்து ஆண்டுகள் முடிந்த பின்னும் 14 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் பாக்கி நிற்கும். ஆகவே "இவ்வளவு கட்டிவிட்டோமே" என்பது வீட்டை வைத்துக்கொள்ள ஒரு காரணம் ஆகாது. போன வட்டி திரும்பாது. இனிமேல் கட்ட வேண்டியது எவ்வளவு, அதைக் கட்டும் சக்தி நமக்கு உண்டா என்பதே கேள்வி.

மகன் சொன்ன கணக்கிலும் ஒரு குறை இருந்தது. "விற்றால் மாதம் பதினெட்டாயிரம் மிச்சம்" என்றான் அவன். அது சரியன்று, விற்றால் வாடகையும் நின்றுவிடும். உண்மைக் கணக்கு இதுதான்: நெசவுக் கூலி 12,000, மகன் சம்பளம் 16,000, இரண்டு அறை வாடகை 7,000, ஆக 35,000. தவணை போகக் கையில் நிற்பது 17,005. விற்றுக் கடனின்றி வேறு வீடு சென்றால், வாடகை போய் 28,000 முழுவதும் கையில் நிற்கும். மாதந்தோறும் கிடைக்கும் உண்மையான விடுதலை சுமார் 11,000 ரூபாய். பதினெட்டாயிரம் இல்லாவிட்டாலும், பாதி வருமானத்தைத் தவணைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

விற்றால் மிஞ்சுவது எவ்வளவு?

வீட்டுக்கு 42 லட்சம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். தரகு போக, கடனை அடைத்தபின் 23 லட்சத்து 84 ஆயிரம் மிஞ்சும். வாங்க நினைத்த சிறு வீட்டின் விலை 18 லட்சம். இங்கேதான் பலர் இடறுகின்றனர். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். 18 லட்சத்துக்கு 1 லட்சத்து 62 ஆயிரம். பழுது பார்க்கவும் தறியை இறக்கி ஏற்றவும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 20 லட்சத்து 62 ஆயிரம். முடிவில் கையில் நிற்பது 3 லட்சத்து 22 ஆயிரம். கடன் இல்லை, வீடு உண்டு, கையிருப்பும் உண்டு. (10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பதையும் சிறு வீடு தேடுவோர் அறிந்திருத்தல் நலம்.)

வருமான வரியையும் மறக்கலாகாது. வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்று வந்த ஆதாயத்தை, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்குவதிலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டுவதிலோ செலவிட்டால் அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. வீட்டில் போடாமல் மிஞ்சிய ஆதாயத்துக்கு வரி வரும். ஆதலால் முன்பணம் வாங்குவதற்கு முன்னரே கணக்கு அறிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்குபவர் "பத்திரத்தில் பாதி, ரொக்கமாகப் பாதி" என்று சொல்லக்கூடும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது சட்டப்படி கூடாது. பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம்.

தறி எங்கே நிற்கும்?

இனி அம்மாளின் கேள்வி. தரகர் முதலில் காட்டியது பொன்னேரிப் பக்கத்தில் அடுக்குமாடியொன்றின் இரண்டாம் மாடியில் இருந்த குடியிருப்பு. விலை மலிவு, ரயில் நிலையமும் அருகில். ஆனால் குழித்தறிக்குத் தரை வேண்டும். தரையில் குழி வேண்டும். பாவு நீட்ட நீண்ட தெரு வேண்டும். மாடியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே போயிருந்தால் 12,000 ரூபாய் நெசவுக் கூலியும் போயிருக்கும். நாம் போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்திருக்கும்.

சங்கத்தின் செயல் எல்லையைத் தாண்டிக் குடிபோனால் அங்கத்துவம் நிலைக்குமா என்று துணை விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரையிலும், விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரையிலும் 2023 முதல் தரப்படும் இலவச மின்சாரம் தறி இயங்கும் இடத்தின் இணைப்பைச் சார்ந்தது. புதிய இடத்தில் அதற்கு முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். பயிரிடுவோராயின் மாட்டுக் கொட்டகைக்கும், நெல் மூட்டைக்கும், பூக்கூடைக்கும் இடம் உண்டா, வயலுக்குத் தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வீடு என்பது தங்குமிடம். பெரியபாளையத்தை அடுத்த ஆரணியிலும், பொதட்டூர்பேட்டையிலும், அம்மையார்குப்பத்திலும் தறி நெய்பவருக்கு வீடே தொழிற்சாலை. வீட்டைச் சிறிதாக்கலாம், தொழிலைச் சிறிதாக்கலாகாது.

விற்கக் கூடாத வீடு

இரண்டாமவர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பயிர்த்தொழிலாளர். மல்லிகையும் வேர்க்கடலையும் சாகுபடி செய்பவர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கு நின்ற பாக்கி 3 லட்சம். மீதித் தவணை மூன்று ஆண்டு. 9 சதவீத வட்டியில் மாதம் 9,540 ரூபாய். இனி அவர் செலுத்த வேண்டிய வட்டி மொத்தமே சுமார் 43,400 ரூபாய். அவர் நினைத்தபடி 15 லட்சத்தில் வேறு வீடு வாங்கினால் பத்திரச் செலவு மட்டுமே 1 லட்சத்து 35 ஆயிரம். நாற்பத்து மூவாயிரத்தைத் தவிர்க்க ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் செலவிடுவதா? அவசரப்பட வேண்டாம் என்றேன். ஒரு கறவை மாட்டை விற்று அசலில் கட்டினார். தவணைக் காலம் குறைந்தது.

கடன் இல்லாமல் வாழ்வது நல்லது என்ற ஒரே கொள்கையே முதலாமவரை விற்கச் சொல்கிறது. இரண்டாமவரைப் பொறுக்கச் சொல்கிறது. கொள்கை ஒன்றாயினும் கணக்கு வேறு.

விற்குமுன் தட்டிப் பார்க்க வேண்டிய கதவுகள்

விற்பனை கடைசி மருந்து. அதற்கு முன் சில வழிகளைப் பார்த்துவிட வேண்டும். ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 ஆக ஏறியது. 2025 ஆம் ஆண்டில் படிப்படியாக 5.25 வரை இறங்கிற்று. ஏறியபோது பல பாங்கிகள் தவணைத் தொகையைக் கூட்டாமல் காலத்தை நீட்டின. கடன் பெற்றவர் அதை உணரவே இல்லை. இறங்கிய பலன் தம் கணக்குக்கு வந்ததா என்று நேரில் சென்று கேட்க வேண்டும். வராவிட்டால், குறைந்த வட்டி தரும் வேறு பாங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாக அடைப்பதற்குப் பாங்கிகள் அபராதம் வசூலிக்கலாகாது என்பது 2012 முதல் விதி.

மாடியைப் போக்கியத்துக்கு விட்டு, வரும் மொத்தத் தொகையை அசலில் கட்டும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. கடன் கொடுத்தவரின் சம்மதம் இன்றி இதைச் செய்யக் கூடாது. அன்றியும் அத்தொகை நாளை திருப்பித் தர வேண்டிய கடனே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அறுபது வயது கடந்து, கடன் முழுவதும் தீர்ந்து, வீடு மட்டும் இருந்து வருமானம் இல்லாதவர்களுக்கு, வீட்டில் இருந்துகொண்டே பாங்கியிடமிருந்து மாதத் தொகை பெறும் மறு அடமானத் திட்டமும் 2007 முதல் நம் நாட்டில் உண்டு.

ஒரு கதவு மட்டும் தட்டத் தகாதது. 2021 இல் கூட்டுறவுப் பயிர்க்கடன்களும், பின்னர் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன்களும் நம் மாநிலத்தில் தள்ளுபடி செய்யப்பட்டன. அதைப் பார்த்து, வீட்டுக் கடனுக்கும் தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது மழையை நம்பி மதகை உடைப்பது போன்றது.

நாம் விற்பதும், நம்மை விற்பதும்

இதை எழுதும்போது என் சொந்த வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தந்தையாருக்கும் ஒரு மாடி வீடு இருந்தது. விற்பது கௌரவக் குறைவு என்று எண்ணி, மூன்று ஆண்டுகள் கைமாற்று வாங்கியே தவணை கட்டினார். கடைசியில் கடன் கொடுத்த நிறுவனம் அதை ஏலத்தில் விற்றது. நான் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் விலைபோனதைவிட மிகக் குறைந்த விலைக்கு வீடு போயிற்று. கைமாற்றுக் கடன் எங்களுடனேயே வந்தது. கௌரவம் கருதி விற்காத வீட்டின் சுவரில் ஏல அறிவிப்பு ஒட்டப்பட்ட அந்தக் காலைப் பொழுதை நான் மறக்கவில்லை.

அங்கத்தினர்கள் சட்டத்தின் படிகளை அறிந்திருக்க வேண்டும். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 60 நாள் அறிவிப்புக்குப் பின், நீதிமன்ற வழக்கின்றியே பாங்கி வீட்டைக் கைப்பற்றலாம். கூட்டுறவுப் பாங்கிகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்துள்ளது. விவசாய நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது, வீட்டுக்குப் பொருந்தும். கைப்பற்றியதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் செல்லலாம். பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரையில்தான் என்பது 2016 திருத்தத்துக்குப் பின் உள்ள நிலை. 2023 இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே விற்பதென்றால், தவணை தவறாத நிலையிலேயே, நாமே வாங்குபவரைத் தேடி, நம் விலைக்கு விற்க வேண்டும். காலதாமதத்தின் விலை மிகப் பெரிது.

நம் மாவட்டத்தின் பழைய பாடம்

இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 ஆம் ஆண்டு திரூரில் தோன்றியது. அவ்வூர் அன்று செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1929 இல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கி அமைந்தது. விவசாயிகளின் பழங்கடன்களைத் தீர்த்து, குறைந்த வட்டியில் நீண்ட காலத் தவணையாக மாற்றுவதே அதன் முதல் வேலை. நீண்ட காலக் கடன் நிலைக்க வேண்டுமானால், தவணைக்கான பணம் அந்தச் சொத்தின் விளைவிலிருந்தே வர வேண்டும். நிலம் விளைந்து தவணை கட்டிய குடும்பம் மீண்டது. வாய்க்கும் வயிற்றுக்கும் உள்ளதிலிருந்து கட்டிய குடும்பம் மீளவில்லை. மாடி அறைகளுக்கும் இதே பரீட்சைதான்.

நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், முதியவர்கள் பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறினால் அரசே ஊக்கத்தொகை தரும் திட்டம் 2013 முதல் உள்ளது. அதில் ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது: விற்று மிஞ்சியதில் ஒரு பகுதியை ஓய்வுகாலக் கணக்கில் போட்டாக வேண்டும். வீட்டை விற்ற பணம் கல்யாணத்திலும் வண்டியிலும் கரைந்துவிட்டால், வீடும் இல்லை, நிம்மதியும் இல்லை.

முடிவு

நெசவாளர் குடும்பம் விற்றது. பாட்டனார் சொத்து ஆகையால் மணமாகிச் சென்ற மகளும் வந்து கையொப்பமிட்டார். 1989 முதலே நம் மாநிலத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. இதைக் கவனிக்காமல் விற்ற பல வீடுகள் வழக்கில் நிற்கின்றன. வாங்கியவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்குச் சென்றது. கடன் முடிந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் பாங்கியின் விதி. பத்திரங்கள் வந்ததும் கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்தார்கள். அதைச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும்.

இரண்டு தெரு தள்ளி, சங்க எல்லைக்குள்ளேயே, தரைத்தளமும் சிறு முற்றமும் உள்ள வீடு. மிஞ்சிய தொகை சங்கத்தில் வைப்பு. ஆறு மாதம் கழித்துச் சென்றேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. மகிழ்ச்சி மட்டுமே இருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. "முதல் மூன்று மாதம் அந்தத் தெரு வழியே நான் நடக்கவில்லை, ஐயா. இப்போது நடக்கிறேன்" என்றார் பெரியவர். அம்மாள் கையில் வளையல்கள் இருந்தன. "மாதம் ஐந்தாம் தேதி வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது தேதியே ஞாபகம் இல்லை" என்றார்.

அங்கத்தினர்களே! தவணை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா? வீடு தன் தவணையைத் தானே ஈட்டுகிறதா? விற்று வாங்கும் செலவு, இனிக் கட்டவேண்டிய வட்டியைவிடக் குறைவா? சிறிய வீட்டில் தொழில் நடக்குமா? இந்த நான்கு கேள்விகளுக்கும் குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து, பெண்களையும் கேட்டு, ஒரு தாளில் விடை எழுதுங்கள். சங்கக் காரியதரிசியிடமோ ஆய்வுக்கு வருபவரிடமோ அந்தத் தாளைக் காட்டத் தயங்க வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்ற ஐந்தாம் கேள்வியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்; அதற்கு எந்தத் தவணையையும் ஊர் கட்டப்போவதில்லை.